ஒன்றரை வோல்ற்

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு
பல்சரைத் தள்ளிக்கொண்டு வந்தான் கஜரூபன்,
மல்லாவிச் சந்தியிலிருந்து என் கொட்டில் வரைக்கும்.
கொலர் முழுக்க ஈரம். தோளில் லோன் பை.
செவ்வாய் எண்டால் எங்களுக்கு அவன்தான் கிழமை.
தவணை ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
நான் இரண்டு பாக்கி.

அதைக் கேட்கவில்லை.
"அக்கா, பற்றரி செத்துப்போச்சு" என்றான்.

செத்ததென்று சொல்ல முதல் தொட்டுப் பார்க்க வேண்டும்.
சாவியைப் போட்டேன். நியூட்றல் பச்சை,
பாசிபிடித்த குளத்தடியில் கிடப்பதுபோல.
ஹோண், தாயைத் தவறவிட்ட ஆட்டுக்குட்டி.
ஸ்ராற்றரை அழுத்தினால் டிக், டிக், டிக்,
பல்லி ஏதோ சகுனம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது.

"மாங்குளத்தில மாத்தினது, ரெண்டு மாசம்தான்.
அதுக்கு முதலும் ஒண்டு மாத்தினனான்."

புதுசென்பது கடைக்காரன் வாய்ச்சொல்.
மீற்றருக்கு அது விளங்காது.
சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு வைத்தேன்:
பதினொன்று தசம் எட்டு.
பட்டினி. சாவில்லை.

பக்கத்து ஓட்டோவிடம் கொஞ்சம் கரண்ட் கடன் வாங்கி
எஞ்சினை எழுப்பினேன்.
கடன் என்ற சொல்லுக்கு அவன்தான் முதலில் சிரித்தான்.
வயரைக் கழற்றிவிட்டு
"முறுக்கிப் பிடி" என்றேன்.
எண் ஏறிப் பதினாலைத் தொட வேண்டும்.
பன்னிரண்டு தசம் ஆறில்
முட்டுக்காலில் நின்றது.

மஞ்சள் வயர் மூன்றையும் பிரித்து
இரண்டிரண்டாய் அளந்தேன்:
ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று.
கொயில் குற்றமற்றது.
திரும்பப் பூட்டி ரெகுலேற்றர் வாசலில் வைத்துப் பார்த்தால்
பதினாலு தசம் ஒன்று, சுத்தமாய்.
அங்கே பதினாலு. இங்கே பன்னிரண்டரை.
"இடையில ஒண்டரை வோல்ற் காணாமல் போகுது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன்.
இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லை
வயருக்குக்கூடச் சொல்லக்கூடாது.
அவன் நிமிரவில்லை.
பைச் சிப்பை ஒருதரம் திறந்து, திரும்ப மூடினான்.
அவனுக்கும் ஒரு அண்ணன்.

இன்னொரு பற்றரி போடு என்று சொல்லலாம்.
பதினோராயிரம். என் கைக்கு ஆயிரத்தைந்நூறு நிற்கும்,
ஒரு தவணைக்குக் கொஞ்சம்தான் குறைய.
பத்தாம் நம்பர் நட்டு ஒன்றைக் கழற்றும் நேரம்
அந்தக் கணக்கு என்னோடு இருந்தது.
பிறகு நட்டு கையில் வந்துவிட்டது.

மீற்றரின் ஒரு முனையைப் பற்றரிக் கறுப்பில் குத்தி
மற்றதை எஞ்சின் உடம்பில் வைத்தேன்.
சைபர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று தசம் ஐந்து.
எர்த்.
சீற்றைத் தூக்கினேன்.
வவுனிக்குளம் கட்டிலிருந்து பாண்டியன்குளம் வரை
இரண்டு மாரி தெறித்த செம்மண்,
அதற்குக் கீழே பச்சைக் களிம்பு,
அதற்கும் கீழே, ஒரு நூலில் தொட்டுக்கொண்டு, கேபிள்.
"இவ்வளவுதானா?"
இவ்வளவுக்குத்தான் இரண்டு பற்றரி தின்றிருக்கிறாய், தம்பி.

மட்டக் கடதாசியால் தேய்த்தேன் செம்பு சிவக்கும்வரை.
இறுக்கினேன். கிறீஸ் பூசினேன்.
முறுக்கச் சொன்னேன்.
பதின்மூன்று. பதின்மூன்று தசம் ஏழு.
பதினாலு தசம் ஒன்று.
பட்டப்பகலில் ஹெட்லைற்
என் தகரச் சுவரில் வெள்ளையாய் விழுந்தது.

"எவ்வளவு?"
"நானூறு."
"தவணையில கழிச்சு எழுதட்டோ?"
"காசாத் தா. தவணையை நான் அங்க வந்து கட்டுறன்."
லோன் பையில் கை வைத்தவன்
சற்று நின்று
தன் சட்டைப்பையில் எடுத்தான். நாலு நூறு ரூபாய்த் தாள்.

பின்னேரம் மூன்று மணி, பத்மலோஜினி வீட்டு விறாந்தை.
ஐந்து பெண்கள், ஒரு பாய், அவனுடைய றெஜிஸ்ரர்.
என் முறை வந்தது.
நாலு தாள் வைத்தேன்,
என் பெருவிரல் ரேகை கறுப்பாய்ப் பதிந்த அதே நாலு.
பார்த்தான். எண்ணவில்லை.
மிச்சத்துக்கு நேரே
பென்சிலால் எதையோ எழுதினான், பேனையால் அல்ல.

வெளியே போய்
ஒரே அழுத்தலில் ஸ்ராற் பண்ணினான்.
மற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள், போகிறான் என்று.
நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்
வளைவு தாண்டும் வரைக்கும்.
செயின் கொஞ்சம் இளகியிருக்கு.
அடுத்த செவ்வாய் சொல்ல வேண்டும்.